வரிசையின் முதல் ஆள்

மால்கம் லெகட் திரும்பிப் பார்த்தபோது அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

கணவன் மனைவியாக இருக்க வேண்டும். ஒரே நிறத்தில் மழைச்சட்டை, ஒரே மாதிரி முதுகுப்பை. அவரை இடிக்காமல், நடுவில் இன்னொருவர் நுழையவும் இடம் கொடுக்காமல், சரியாக ஒரு கை தூரத்தில் நின்றார்கள். இங்கிலாந்தில் அந்தத் தூரத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?" என்றாள் அந்த அம்மாள்.

"ஒரு கால் மணி நேரம் இருக்கும்," என்றார் மால்கம். கேட்டதற்கு உண்மையைச் சொல்லிப் பழகிவிட்ட மனிதர்.

"கால் மணி நேரமா! கேட்டியா ட்ரெவர்? அப்ப உள்ள ஏதோ பெரிசா இருக்கு."

மால்கம் தன் முன்னால் இருந்த பச்சைக் கதவைப் பார்த்தார். 

லிங்கன் நகரில் சனிக்கிழமை மதியம் தனியாக நிற்க ஓர் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பேராலய வாசலில் பேருந்து பேருந்தாக வந்து இறங்குவார்கள். கோட்டை மதில்மேல் நடப்பவர்கள் கீழே இருப்பவர்களைப் படமெடுப்பார்கள், கீழே இருப்பவர்கள் மதில்மேல் நடப்பவர்களைப் படமெடுப்பார்கள். செங்குத்தான கடைத்தெருவில் மூச்சிரைக்க ஏறி வந்தவர்கள், தாங்களே அந்தக் குன்றைக் கட்டியது போன்ற பெருமையோடு தேநீர்க்கடை வாசல்களை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். எல்லாவற்றையும் மனதில் போட்டுப் புரட்டித்தான் மால்கம் இந்த முட்டுச்சந்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். பேராலயத்துக்குப் பின்பக்கம். சந்தின் கடைசியில் இந்தக் கதவு. பெயர்ப்பலகை கிடையாது, அழைப்பு மணி கிடையாது. ஒரு ஈ காக்காய் வராது.

காரணம், ரோசலிண்ட்.

ஊருக்கு வெளியே, கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு பழைய மாளிகை இருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்களைக் கண்காணிக்கும் ஊதியமில்லாத பணி இருவருக்கும். மால்கமுக்குக் கீழே நூலகம். ரோசலிண்டுக்கு மேலே மஞ்சள் படுக்கையறை. யாரும் உட்காரக் கூடாத நாற்காலிகள் ஒவ்வொன்றின்மேலும் ஒரு சொரசொரப்பான பைன் மரக்காயை வைத்துவிட்டு, "தொடாதீங்க" என்பதைத் தொடாமல் சொல்வதுதான் வேலை. நாலைந்து வருடமாக வியாழக்கிழமைதோறும் பின்கட்டுச் சமையலறையில் சேர்ந்து தேநீர் குடித்தார்கள். மனைவி போன பிறகு மால்கமுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. மற்ற ஆறும் அதற்கு முன்னும் பின்னும் வரும் இடைவெளிகள்.

இப்போது குளிர்காலத்துக்காக மாளிகையை மூடுகிறார்கள். ரோசலிண்ட் தூரத்துக் கார்ன்வாலில் இருக்கும் தங்கையோடு போய் நிரந்தரமாகத் தங்கிவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். கடைசி வியாழனன்று, ஒரு நாற்காலியில் பைன் காயை வைத்தபடி, அந்தக் காயையே பார்த்துக்கொண்டு மால்கம் சொன்னார்: "போகாம இருந்துடலாமே. என்னோட." அதைச் சொல்ல அவருக்கு ஒரு பருவம் முழுதும் தேவைப்பட்டது.

ரோசலிண்ட் அந்தக் காயை நாற்காலியின் நடுவுக்கு நகர்த்தி வைத்தாள். பிறகு, "சனிக்கிழமை ரெண்டு மணிக்கு வந்து பதில் சொல்றேன் மால்கம். வரலேன்னா புரிஞ்சுக்குங்க. அதுக்கப்புறம் இதைப் பத்தி நாம பேசவே வேண்டாம்," என்றாள். "கூட்டமா இருக்கிற எடம் வேண்டாம். நாலு பேர் முன்னாடி எனக்கு வாய் வராது." மால்கம் இந்தப் பச்சைக் கதவைச் சொன்னார்.

அவளிடம் கைபேசி உண்டு. அவசரத்துக்கு உதவும் என்று அதை வீட்டில் மேசை இழுப்பறைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

"மன்னிக்கணும்," என்றார் மால்கம் மழைச்சட்டை அம்மாளிடம். "இது வரிசை இல்லைங்க. நான் சும்மா நிக்கிறேன்."

"நாங்களும் சும்மாதான் நிக்கிறோம். எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல," என்றார் ட்ரெவர்.

அதற்குள் அவர்களுக்குப் பின்னால் மூன்று பெண்மணிகளும், நாயோடு ஒருவரும் சேர்ந்திருந்தார்கள். நாய்கூட ஒழுங்காக ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தது.

"உள்ள ஒண்ணுமே இல்லைங்க," என்றார் மால்கம் கொஞ்சம் உரக்க.

அந்த அம்மாளின் கண்கள் இடுங்கின. "இப்படித்தான் போன வருஷம் ஒரு காத்தாலையைப் பத்திச் சொன்னாங்க. ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு. உள்ள போனா, கண்ணு முன்னாடி மாவரைச்சு சுடச்சுட ரொட்டி! கையேட்டுல போடாத எடம்தான் நல்ல எடம்." அவள் பின்னால் திரும்பினாள். "ஏங்க, இது கையேட்டுலயே இல்லையாம்!"

மூன்று பெண்மணிகளும் மெய்சிலிர்த்தார்கள்.

சரி, நாமே நகர்ந்துவிட்டால் போயிற்று என்று மால்கம் முடிவு செய்தார். "நான் கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நிக்கிறேன்."

"தாராளமாப் போயிட்டு வாங்க கண்ணு. உங்க எடத்த பாலின் பாத்துக்குவா," என்று தன்னையே காட்டிச் சொன்னாள் அவள்.

எதிர்ச்சுவர் ஓரமாகப் போய் நின்றார். கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தால், பின்னால் இரண்டு கல்லூரி மாணவிகள்.

"இது எந்த வரிசை சார்? டிக்கெட் இருக்கிறவங்களுக்கா, இல்லாதவங்களுக்கா?"

பழைய வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது. "அது வேகமாப் போற வரிசையோ?" என்றார் நாய்க்காரர். "நாம முன்னாடியே வந்தவங்க ஆச்சே?" என்றாள் ஒரு பெண்மணி, யாரையும் பார்க்காமல், காற்றிடம். இந்த மக்கள் சண்டை போடும்போது அதற்கு மேல் குரல் உயராது. ஆனால் அதுவே உள்நாட்டுப் போரின் முதல் குண்டு என்று மால்கமுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு பழைய இடத்துக்கே திரும்பினார். மாணவிகள் தவறு செய்தவர்கள் போலக் கடைசிக்குப் போய் நின்றார்கள். அங்கே இப்போது இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

இனி முழு உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை.

"இங்க பாருங்க. இந்தக் கதவுக்குப் பின்னாடி ஏணி வெச்சிருக்காங்க. பேராலயத்துல மராமத்து பண்ற ஏணி. வேற எதுவும் கிடையாது."

"ஏணியா?" என்றார் ட்ரெவர். "எவ்வளவு பழசு?"

"சிலது ரொம்பப் பழசுன்னு கேள்வி," என்றார் மால்கம். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ட்ரெவரின் முகம் பிரகாசமானது. "பென்சிலுக்குன்னு ஒரு காட்சிசாலை பாத்தாச்சு. புல்வெட்டற மெஷினுக்கு ஒண்ணு பாத்தாச்சு, ரெண்டு தடவ. ஏணிக்குன்னு இதுவரைக்கும் எங்கயும் பாத்ததில்ல பாலின்!"

"உன் பொறந்தநாளுக்குக் கடவுளாப் பாத்துக் குடுத்தது," என்றாள் பாலின்.

பெண்மணிகளில் ஒருத்தி தன் அக்காளைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அழகான பொருளைப் பார்க்க உலகத்தில் யார் வேண்டுமானாலும் வரிசையில் நிற்பார்கள். ஏணியைப் பார்க்க நிற்பதற்குத் தனி மனசு வேண்டும். அந்த மனசு இந்த நாட்டில் ஏராளமாக இருக்கிறது.

சந்து நிரம்பி வழிந்தபோது மஞ்சள் சட்டை போட்ட ஷெரில் வந்து சேர்ந்தாள். பேராலயச் சுற்றுப்புறத்தில் கூட்டத்தைச் சமாளிக்கும் பொறுப்பு அவளுடையது. மால்கமுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நல்லவேளை வந்தீங்க. இவங்கள எல்லாம் அனுப்பிடுங்களேன்."

"அனுப்பறதா? வரிசையில நிக்கிறவங்களையா?" ஷெரில் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அவங்க என்ன சார் தப்பு பண்ணாங்க?"

"இல்ல, சந்தை அடைச்சுக்கிட்டு..."

"அது பேச்சு. அத நான் ஒழுங்கு பண்றேன்."

பண்ணினாள். சுவரோரமாகக் கயிறு கட்டினாள். சந்து முனையில் வரிசையை வளைத்து, கடைத்தெருச் சரிவில் கீழ்நோக்கி இறக்கிவிட்டாள். அரை நிமிடத்தில் சந்து துப்புரவாகிவிட்டது. மால்கமின் கண்ணுக்குத் தெரிந்தவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். ஒரு பெண் நிம்மதியாக நடந்து வந்து பேச வழி பிறந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. ஷெரிலுக்கு மனமார நன்றி சொன்னார்.

"நீங்க மட்டும் எடத்த விட்டு அசையாதீங்க சார்," என்றாள் ஷெரில். "முதல் ஆள் நகந்தா மொத்தமும் கலைஞ்சிடும்."

பேராலயத்து மணி இரண்டு அடித்தது.

மால்கம் தொப்பியைக் கழற்றித் தலையைக் கோதிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். சந்து முனையில் யாராவது தலைகாட்டும்போதெல்லாம் நெஞ்சு ஒரு முறை தூக்கிப் போட்டது. ஒரு தபால்காரர் வந்தார். வழி தவறிய ஒரு பாதிரியார் வந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். ஒரு புறா வந்தது.

தூறல் போட ஆரம்பித்தது. சந்திலும் வளைவுக்கு அப்பாலும் நாற்பது குடைகள் சத்தமில்லாமல் விரிந்தன. ஒருவர்கூடக் கலையவில்லை.

ரோசலிண்ட் ஒருநாளும் தாமதமாக வந்தவள் அல்ல. தேநீருக்குக் கெட்டில் வைக்கும் நேரத்தில்கூட நிமிடம் பிசகாதவள். நேரம் கடக்கக் கடக்க மால்கமுக்குள் ஏதோ ஒன்று மெல்ல இறங்கிக்கொண்டே போனது. அவர் ஆயுளில் எதற்கும் முண்டியடித்தவர் இல்லை. பள்ளிக்கூடத்தில், வேலையில், கல்யாணத்தில்கூட, தன் முறை வரட்டும் என்று இருந்தார். முறை பெரும்பாலும் வந்தது. அப்படியே வாழ்க்கையின் முக்கால்வாசி ஓடிவிட்டது. முதல்முறையாக, போன வியாழக்கிழமைதான், தானாக ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார். அந்த அடிக்கு இதுதான் பலன் என்றால் வைக்காமலே இருந்திருக்கலாம். வியாழக்கிழமைத் தேநீராவது மிஞ்சியிருக்கும்.

"யாரையாவது எதிர்பாக்கறீங்களா கண்ணு?" என்று பாலின் தணிந்த குரலில் கேட்டாள். மூக்கு உறிஞ்சிய சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

மால்கம் சொன்னார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மாளிகை, வியாழக்கிழமை, கார்ன்வால், வராவிட்டால் புரிந்துகொள்ள வேண்டும் என்பது, எல்லாம். கதவைப் பார்த்தபடியே சொன்னதால் சொல்ல முடிந்தது.

பாலினின் கண்கள் கலங்கின. "ஐயோ பாவமே."

ட்ரெவர் பிளாஸ்கைத் திறந்து ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றி நீட்டினார். பிறப்பு, இறப்பு, வீடு இடிந்தது, தேர்தலில் தோற்றது, எதுவானாலும் இந்த நாட்டில் முதலுதவி அதுதான். பாலின் பையிலிருந்து உலர்திராட்சை ரொட்டி ஒரு துண்டும் பாலாடைக்கட்டியும் எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"என்னவாம்?" என்று பின்னாலிருந்த பெண்மணிகள் எட்டிப் பார்த்தார்கள். "எப்பத் திறக்கறாங்களாம்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஏணியப் பத்திப் பேசிட்டிருந்தோம்," என்றாள் பாலின். பிறகு மால்கமின் காதோரம், "கவலப்படாதீங்க. செத்தாலும் வரிசையில ஒரு ஆள்கிட்டயும் மூச்சு விட மாட்டோம்," என்றாள்.

"ரொம்ப நன்றிங்க," என்றார் மால்கம். அந்த ரகசியம் இந்த மூன்று பேரோடு நின்றுவிடும் என்பதே அப்போது அவருக்கு இருந்த ஒரே ஆறுதல்.

மணி மூன்று அடித்தது. அவர் கோப்பையைத் துடைத்து ட்ரெவரிடம் கொடுத்தார். 

"நான் கிளம்பறேன்."

"கிளம்பறீங்களா?" ட்ரெவர் பதறிப் போனார். "முதல் எடத்த விட்டுட்டா?"

"நீங்க வெச்சுக்குங்க."

"வேண்டாங்க. அது நியாயமா இருக்காது," என்றார் ட்ரெவர். நிஜமாகவே சங்கடப்பட்டார். "இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்களேன். நாங்களும் நிக்கிறோம்."

"அவங்க பதில் சொல்லிட்டாங்க," என்றார் மால்கம். "எனக்குப் புரிஞ்சுபோச்சு."

அப்போது சந்து முனையிலிருந்து ஷெரில் தண்ணீர் சொட்டச் சொட்ட விறுவிறுவென்று வந்தாள். முகம் கடுகடுவென்றிருந்தது. நேராக மால்கம் முன்னால் வந்து நின்றாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? இருங்க. அந்த வளைவுக்கு அந்தாண்ட ஒரு அம்மா என் உசிர வாங்கறாங்க. சரியா ரெண்டு மணிக்கு வந்து நின்னாங்களாம், இன்னும் ஒரு அடிகூட நகரலையாம்."

"மன்னிச்சுக்குங்க," என்றார் மால்கம், பழக்க தோஷத்தில்.

"அத அவங்ககிட்டயே போய்ச் சொல்லுங்க! 'பச்சைக் கதவுகிட்ட ஒருத்தர் காத்துக்கிட்டிருக்கார், அவர்கிட்ட நான் சரின்னு சொல்லணும், இத்தன பேர மீறிக்கிட்டு எப்படிம்மா போறது, வரிசைய நகர விடாம முன்னாடி நிக்கிற மடையன் யாருன்னு பாத்துட்டு வா'ன்னு என்னை அனுப்பியிருக்காங்க!"