நெருஞ்சி இல்லை என்றேன்

மஞ்சள் பூவைப் பார்த்தால் எனக்குப் பாதி அறிவு போய்விடும். (மீதிப் பாதி எப்போது இருந்தது என்று வீட்டில் கேட்பார்கள்.)

அறுபதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் தாவரவியல் டியூட்டராகத் தற்காலிகமாகச் சேர்ந்தேன். என்னோடு சேர்ந்த இன்னொருவர் மரியபுஷ்பம். நிரந்தர வேலை ஒன்று, ஆள் இரண்டு. யாருக்கு என்று முடிவு செய்யத் துறைத்தலைவர் எங்களைக் குஜிலியம்பாறைப் பக்கம் செடி சேகரிக்க அழைத்துப் போனார்.

மழை ஓய்ந்து சில வாரம் ஆகியிருந்தது. தரிசு முழுக்க மஞ்சள் பூக்கள், ஐந்தைந்து இதழாக. வெயில் என் முதுகுப் பக்கம் இருந்ததால் அத்தனை பூவும் என்னையே பார்ப்பது போலிருந்தது. அவை காற்றில் மெல்லத் தலையசைக்க, நான் நிரந்தர வேலை, புது சைக்கிள், ஓட்டு வீடு என்று எங்கோ மிதந்துகொண்டிருந்தேன்.

"இது என்ன செடி, தம்பி?" என்றார் தலைவர்.

திடுக்கிட்டுக் குனிந்தேன். வரப்போரம் நின்ற ஒரு செடியின் ரம்பப்பல் இலை மட்டும் கண்ணில் பட்டது. "அரிவாள்மனைப் பூண்டு சார். எல்லாமே."

மரியபுஷ்பம் உட்கார்ந்து பார்த்தார். "ஓரத்துல நிக்கிறதுதான் சார் அது. படர்ந்து கெடக்குறது நெருஞ்சி. எலையப் பாருங்க, புளிய எல கணக்கா இருக்கு."

அவர் சொன்னது சரி என்று அப்போதே பட்டது. வாய் கேட்டால்தானே? "நெருஞ்சின்னா முள்ளு இருக்கணும்ல? இந்தா, உக்காந்தே காட்டுறேன்!" அக்காள் கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைப் பேன்ட்டோடு உட்கார்ந்துவிட்டேன்.

வானம் ரொம்ப நீலமாக இருந்தது.

"குத்தலையா தம்பி?"

"இல்ல சார்," என்று புன்னகைத்தேன். அப்படியே உட்கார்ந்தபடி அரிவாள்மனைப் பூண்டின் அருமை பெருமைகளைப் பத்து நிமிடம் எடுத்துரைத்தேன். கண்ணில் நீர் முட்டியது. (தாவரங்கள் மேல் அவ்வளவு பற்று!)

"போதும் அப்பு. எந்திரி," என்றார் தலைவர்.

எழுந்தேன். பின்பக்கம் முழுக்க முள். மரியபுஷ்பம் இடுக்கியை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. "பிடுங்குனதக் கீழ போட்றாதீங்க சார். மாதிரிக்கு வேணும்."

வேலை அவருக்குத்தான் கிடைத்தது. நான் பள்ளிக்கூட வாத்தியாரானேன். இரண்டு வருஷம் கழித்து அவரையே கட்டிக்கொண்டேன். எப்படிச் சம்மதித்தாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"முள்ளு மேல பத்து நிமிசம் சிரிச்சுக்கிட்டே இருந்த மனுசன், என்கூடயும் இருந்துருவாருன்னு தோணுச்சு."

இன்றைக்கும் நான் எதையாவது அடித்துச் சொன்னால் போதும், மகள் அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள்: "அம்மா, அப்பா இத உக்காந்து பாத்துட்டுத்தான் சொல்றாராமா?"