காது பாய் பொரித்த சுக்கினி

ஆசிரியர் ஐயா, என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொண்டு திருத்திப் போடுங்கள்.

உலகத்துச் சமையல்காரர்கள் எல்லாம் நாக்கால் சமைத்தார்கள். எங்கள் போடிநாயக்கனூரில் ஒருவர் மட்டும் காதால் சமைத்தார். அதனால் அவர் காது பாய். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

எண்ணெயில் போட்டது வெந்துவிட்டதா என்று பாய் எட்டியே பார்க்க மாட்டார். தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்பார். மதுரை ரயில் கூவினால் அது ஓயும்வரை அடுப்பைத் தணித்துவிடுவார். ஒரு கல்யாணத்தில் சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் ஓடிவந்து, "யப்பா மேளம், செத்த நேரம் சும்மா இருங்க! வடை என்ன சொல்லுதுன்னு கேக்கல" என்றார்.

என் மகள் நிச்சயதார்த்தத்துக்கு அவரிடம்தான் போனேன். சிக்கல் என் மனைவி. அவளுக்குக் கோதுமை ஆகாது. டாக்டர் சொன்னதிலிருந்து மைதா, ரவை எல்லாம் விட்டுவிட்டாள். அப்படியும் சில நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள், காரணம் தெரியாது. அந்தப் பயத்தில் விசேஷ வீடுகளில் எதையும் தொட மாட்டாள். மகள் விசேஷத்திலாவது அவள் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதைச் சொல்லி முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

"இதுக்கா மாப்ளே இம்புட்டு நேரம் தலையச் சொறிஞ்ச? தங்கச்சிக்கு நானாச்சு."

நான் மலைக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். ஒரு ஏலத்தோட்டக்காரர் புதிதாக விளைந்த சுக்கினி ஒரு மூட்டை கொடுத்திருந்தார். பார்த்தால் வெள்ளரி, வெட்டினால் சுரைக்காய். பாய் ஒன்றைத் தட்டிப் பார்த்து, "ஊமைக்காயா இருக்கே. எண்ணெயில போட்டாப் பேசிரும்" என்றார். துருவி, உப்புப் போட்டு, துணியில் கட்டிப் பிழிந்தார். அரை வாளித் தண்ணீர் இறங்கியது. மில்லில் கோதுமை அரைத்த தூசி ஒட்டியிருக்கும் என்று, கடலை மாவையும் அரிசி மாவையும் வீட்டு மிக்சியிலேயே அரைக்க வைத்தார்.

தேவாரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். வாங்க என்று சொல்லக் கூச்சப்பட்டு நான் சமையற்கட்டில் ஒளிந்துகொண்டேன். சும்மா நிற்க முடியாமல் பெருங்காய டப்பாவை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கோதுமை மாவு என்று இருந்தது. மறுபடியும் படித்தேன்.

"பாய், பெருங்காயத்துல கோதுமை கலந்திருக்காம்."

அந்தப் பெருங்காயம் போட்டுப் பிசைந்த பக்கோடா முதல் ஈடாகப் பொரிந்துகொண்டிருந்தது. பாய் அன்றைக்குத்தான் கடாயைக் கண்ணால் பார்த்தார்.

"அப்ப அந்தப் புள்ள இத்தன நாளா வலியில துடிச்சது சாம்பார்ப் பெருங்காயத்தாலயா?" என்றார். பிறகு, "வேற சட்டி கொண்டா, வேற எண்ணெய் கொண்டா, வெரசா!"

இஞ்சியை நசுக்கிப் போட்டுப் புதிதாகப் பிசைந்தார். பந்தலில் மாப்பிள்ளையின் தாய்மாமன் பொறுமையிழந்தார்.

"என்ன பாய், பக்கோடா வருமா? இல்ல, இனிமேத்தான் கடலை வெதைக்கணுமா?"

முதல் தட்டு மாப்பிள்ளை வீட்டுக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முதல் ஈடு தயாராகத்தான் இருந்தது. பாய் அதைத் தொட விடவில்லை.

"பொண்ணப் பெத்தவ மொதல்ல சாப்பிடட்டும்."

"இது எந்த ஊரு வழக்கம்?" என்றார் தாய்மாமன்.

"இன்னைலேர்ந்து போடி வழக்கம்!"

சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து சமையற்கட்டுக்கே வந்து விஷயத்தைக் கேட்டார்கள். நேரே போய் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"மதினிக்கு என்ன வைக்கிறீகளோ, அதையே எனக்கும் வைங்க."

என் மனைவி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பாயைப் பார்த்தாள். "பயப்படாமத் தின்னு ஆத்தா" என்றார். தின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே, இன்னும் ரெண்டு வைங்க" என்றாள்.

அன்று பாய்க்கு ஒரு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது அவர் கம்பத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். உங்கள் பத்திரிகையை வாராவாரம் விடாமல் படிப்பார், அதனால் இதிலேயே சொல்லிவிடுகிறேன். பாய், உங்கள் தங்கச்சிக்கு இப்போதெல்லாம் வயிறு வலிப்பதில்லை.

கார்த்திகை மாதம், திங்கட்கிழமை.