குளம்பு அண்ணன் கட்டிய ஒரே பச்சை அட்டை

குதிரைப் பந்தய மைதானத்துக்கு வாரம் தவறாமல் போய், ஒரு பந்தயத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பி வருகிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவருக்கு அடுத்த மேசையில் ஒன்பது வருஷம் உட்கார்ந்து நெற்றியில் தைலம் தடவிக்கொண்டவள் நான்.

ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனி. அதில் எங்களுடையது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. வெளியிலிருந்து வரும் வார்ப்புகளைச் சோதித்து, நல்லதென்றால் பச்சை அட்டை, சரிசெய்யலாம் என்றால் மஞ்சள், தேறாது என்றால் சிவப்பு கட்டுவது அவர் வேலை. சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எங்களுக்கு அவர் குளம்பு அண்ணன். குதிரையின் காலில் இருக்கிற குளம்பு. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த என்னைப் போன்றவர்கள் வாயில் குழம்பும் குளம்பும் ஒன்றுதான். அதனால் கேண்டீனில் அவர் தட்டில் மட்டும் எப்போதும் ஒரு கரண்டி கூடுதலாக விழும். அவர் அதை மறுத்ததே இல்லை.

ஞாயிறு காலை பெங்களூர் பஸ் ஏறிவிடுவார். பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுகிற இடம் ஒன்று அங்கே உண்டு. அதன் கம்பியைப் பிடித்தபடி நின்று, எட்டுக் குதிரை நடந்தால் முப்பத்திரண்டு கால்களையும் பார்ப்பார். ரேஸ் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதுவார். குதிரைகள் ஓடப் போனதும் ஜனம் மொத்தமும் அலறிக்கொண்டு அந்தப் பக்கம் பாயும். இவர் டீ குடிக்கப் போவார். அடுத்த பந்தயத்துக் குதிரைகள் வந்ததும் மறுபடி கம்பி. ஒரு குதிரை மேலும் ஒரு ரூபாய் கட்டியதில்லை.

"ஓடறத எவன் வேணாலும் பாப்பான். நடக்கறதுலதாம்மா சமாச்சாரமே இருக்குது" என்பார்.

அந்தச் சமாச்சாரம் முழுவதையும் திங்கட்கிழமை எனக்கு ஒப்பிப்பார். மூன்றாவது ரேஸ், ஆறாம் நம்பர், பின்னங்கால் அகலம். நாலாவது ரேஸ், இரண்டாம் நம்பர், வாலை ஒரு பக்கமாகவே வைத்திருந்தது. யார் ஜெயித்தது என்று நான் ஒரே ஒரு தடவை கேட்டேன்.

"அது தெரியலையேம்மா. டீக்கடையில கூட்டம்."

எங்கள் லேத் பிரிவில் மாரப்பா என்று ஒருவர். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம். அவருக்குப் பந்தயத்தில் கொஞ்சம் ஆசை உண்டு. சனிக்கிழமைகளில் குளம்பு அண்ணனைச் சுற்றிச் சுற்றி வருவார்.

"அண்ணா, நாளைக்கு அஞ்சாவது ரேஸ்ல எது நல்லாருக்குது?"

"எட்டும் தேறாது."

"எட்டுல ஒண்ணு ஜெயிச்சுத்தானே ஆவணும்?"

"ஜெயிக்கும். அதுக்காவ அத நல்ல குதிரைன்னு சொல்லிர முடியுமா?"

மாரப்பா கன்னடத்தில் எதையோ சொல்லிக்கொண்டு போவார். நல்ல வார்த்தை இல்லை என்பது மட்டும் எனக்குப் புரியும்.

குதிரையோடு நிறுத்தியிருந்தால் நான் தைலம் வாங்கியிருக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்த வாடிக்கையாளர்கள் முன்னால், எங்கள் மேனேஜரை வைத்துக்கொண்டே, "சாருக்கு இடது ஷூவுல குதிகால் தேயுது, இடுப்புல கோளாறு இருக்குது" என்று என் காதில் சொன்னார். அவர் காதில் சொன்னால் அறை முழுக்கக் கேட்கும். ஒரு நாள் சானமாவு காட்டருகே எங்கள் கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் யானைக் கூட்டம் சாலையைக் கடந்தது. பஸ்ஸே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. இவர் எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "கடைசியா வருதே, அதுக்கு வலது பின்னங்கால் சரியில்ல" என்றார். டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவரை ஒரு ஊரே சேர்ந்து சிறப்பு விருந்தினராக அழைத்தது. அழைத்தவர் மாரப்பா. அவர் ஊர்த் திருவிழாவில் குதிரைப் பந்தயம். மேனேஜரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். இடுப்பு வலி என்று அவர் ஒதுங்கிக்கொண்டு, குளம்பு அண்ணனை அனுப்பச் சொல்லிவிட்டார். கூடவே என்னைக் கூப்பிட்டு, "நீங்களும் போய் அவரைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்றார். அன்று என் நாத்தனார் குடும்பத்தோடு சாப்பிட வருவதாக இருந்தது. பிரியாணிக்கு அரிசி ஊறப் போட்டதோடு என் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பினேன்.

என் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தார். மடியில் ஒரு மஞ்சப்பை.

"பையில என்னண்ணே?"

"நம்ம அட்டைங்கதாம்மா. மூணு கலர்லயும் எடுத்தாந்தேன்."

அப்போதே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும்.

ஊர் எல்லையில் மண் சாலையை நீளத்துக்குச் சமப்படுத்தி வைத்திருந்தார்கள். பிளெக்ஸ், ஒலிபெருக்கி, தலைக்கு மேல் டிரோன், இரண்டு பக்கமும் ஜனம். ஒன்பது குதிரைகள். அவருக்கு மாலை போட்டு, சிறப்பு விருந்தினர் குதிரைகளைப் பார்வையிடுவார் என்று மைக்கில் அறிவித்தார்கள். சும்மா ஒரு சுற்று நடந்து கும்பிட்டுவிட்டு வருவார் என்பது அவர்கள் நினைப்பு. குளம்பு அண்ணன் மாலையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், முதல் குதிரையைப் பத்தடி நடத்திக் காட்டச் சொன்னார்.

முதல் குதிரைக்குக் குளம்பில் விரிசல், சிவப்பு. இரண்டாவது காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, மஞ்சள். மூன்றாவது பட்டாசு சத்தத்தில் மிரண்டு போயிருந்தது, சிவப்பு. நான்காவதை முன்னும் பின்னும் பார்த்தார். குதிரை மேல் ஏறியிருந்தவரையும் பார்த்தார். ஆள் நல்ல பாரம்.

"குதிர பாஸு. இவருக்குத்தான் அட்டை கட்டணும்" என்றார். ஜனம் சிரித்தது. ஏறியிருந்தவர் சிரிக்கவில்லை. மஞ்சள்.

ஒரு மணி நேரம் போனது. வெயில் ஏறியது. என் போனில் வீட்டுக்காரர் நாலு தடவை கூப்பிட்டுவிட்டார். எட்டுக் குதிரை முடிந்தபோது நாலு சிவப்பு, மூன்று மஞ்சள், ஒரே ஒரு பச்சை. அந்தப் பச்சை, வாரச் சந்தைக்குத் தக்காளிக் கூடை சுமக்கிற ஒரு குட்டையான பழுப்புப் பெட்டைக்குதிரையின் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

மாரப்பா ஓடி வந்தார். "அண்ணா, ஒத்தக் குதிரய வெச்சி எப்பிடிண்ணா ரேஸ் வுடறது?"

"வுடு. ஃபர்ஸ்ட் வரும்."

மாரப்பா என்னைப் பார்த்தார். நான் டிரோனைப் பார்த்தேன்.

ஒன்பதாவது, அந்த ஊரில் ஜல்லி கிரஷர் வைத்திருக்கும் பெரிய மனிதருடையது. ராஜஸ்தானிலிருந்து வாங்கி வந்த வெள்ளைக் குதிரை. விழாச் செலவில் பாதி அவருடையது என்று பிளெக்ஸே சொன்னது. குளம்பு அண்ணன் அதை நடக்கவிட்டார். திரும்ப நடக்கவிட்டார். பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தார்.

கிரஷர்காரர் எழுந்து வந்தார். அவரோடு பத்துப் பேர் வந்தார்கள்.

"யோவ், எங் குதிரைக்கு என்னய்யா கொற?"

"வலது முன்னங்கால் தரையில படறப்போ தலைய மேல தூக்குதுங்க. ஆணி சதையில ஏறியிருக்குது."

"நேத்துதான் லாடம் அடிச்சேன்!"

"அதாங்க, நேத்துதான் ஏறியிருக்குது."

பத்துப் பேரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். "அண்ணே, ஒரு மஞ்சளாவது கட்டிட்டு வாங்க. போயிரலாம்."

அவர் திரும்பவே இல்லை. "ஓடுனா வுழும்மா. வுழுந்தா மேல இருக்கறவன் என்னாவான்?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கிரஷர்காரரிடம் கையைக் கூப்பினார். "என்னிய அடிக்கறதுன்னா அப்பறம் அடிங்க. மொதல்ல அந்த லாடத்தக் கழட்டிப் பாத்துருங்க."

கிரஷர்காரர் கொஞ்ச நேரம் அவரையே முறைத்துவிட்டு, கூட்டத்தில் நின்ற லாடம் அடிக்கிறவரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவர் குதிரையின் காலை மடியில் தூக்கி வைத்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நாலாவது ஆணி வரும்போது குதிரை துடித்துக் காலை உதறியது. ஆணியின் நுனி ஈரமாக இருந்தது. துளையிலிருந்து கறுப்பாகக் கொஞ்சம் நீரும் ரத்தமும் வந்தது.

கிரஷர்காரர் குதிரையின் கழுத்தில் கையை வைத்தார். குதிரை மேல் ஏறுவதற்காகத் தலைப்பாகை கட்டித் தயாராக நின்றது அவர் மகன்தான்.

"வெந்நி வையுங்கடா" என்றார் குளம்பு அண்ணன். "உப்புப் போட்டு."

மஞ்சள் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டி, ஆளை மாற்றி, கடைசியில் நாலு குதிரைகளோடு பந்தயம் நடந்தது. பச்சை அட்டை வாங்கிய பெட்டைக்குதிரை நாலாவதாக வந்தது. நான் கொதித்துப் போய் அவரைத் தேடினேன். அவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வெள்ளைக் குதிரையின் காலைப் பக்கெட்டுக்குள் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பாஸ் பண்ணது கடைசியா வந்திருக்குண்ணே!"

"நொண்டாம வந்துதா?"

"வந்துச்சு."

"அப்பறம் என்னா?"

வீடு திரும்பியபோது மாலை. பிரியாணி அடிப்பிடித்திருந்தது. நாத்தனார் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். மறுநாள் அவர் என் மேசையில் பலாப்பழச் சுளைகள் வைத்தார். கிரஷர்காரர் கொடுத்தனுப்பியதாம். வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சுளையாகப் பிரித்துப் பார்த்து, மூன்றை ஒதுக்கியிருந்தார்.

போன மாதம் அவருக்குக் கண் ஆபரேஷன். நான் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெளியே போகக் கூடாது, தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். என்ன கிழமை என்று கேட்டார். வெள்ளி என்றேன். அதற்குப் பிறகு ஒன்றுமே பேசவில்லை. ஒன்பது வருஷத்தில் அவர் பக்கத்தில் நான் அனுபவித்த முதல் அமைதி அது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, புடவை எடுக்க பெங்களூர் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வட்டமாக நடக்கிற குதிரைகளுக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, ரேஸ் புத்தகத்தின் ஓரத்தில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதினேன். சாயங்காலம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன்.

"மூணாவது ரேஸ், ஏழாம் நம்பர். தலை ஆடுது."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்தக் காலு வெக்கறப்போ?"

அதை நான் கவனிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் போனேன்.