நூல்கண்டு அண்ணன் அளந்த டில்லி

ஆகாய விமானத்தில் ஏறாமலேயே அதைத் தாமதப்படுத்தும் வல்லமை இவ்வுலகில் ஒருவருக்கு வாய்த்திருந்தது எனில், அவர் எங்கள் சிம்மக்கல் நூல்கண்டு அண்ணன்தான். நான் வேலை பார்த்த ஜவுளிக் கடையில் மூட்டை கட்டுவது அவர் தொழில். சுவரில் தொங்கிய தேசப்படத்தில் நூலைப் பிடித்து, ஊருக்கு ஊர் ஆகாய வழி அளப்பது அவர் வாழ்க்கை.

அளந்த மைலை விமானத்தின் வேகத்தால் வகுப்பார். அத்துடன் நிறுத்துபவர் அல்லர். பலகாரத்துக்கு அரை மணி, மதியச் சாப்பாட்டுக்கும் கண்ணயர்வதற்கும் இரண்டு மணி, எஞ்சின் சூடு ஆற ஒரு மணி, இராகு காலத்துக்கு ஒன்றரை மணி எனக் கூட்டுவார்.

"ஏண்ணே, பறக்கையில ராகு காலம் வந்தா?" என்றேன் ஒருமுறை.

"ஓட்டுறவன் எறக்கிருவான்டா. அம்புட்டு ஒசரத்துல விளையாடுவானா? அவனுக்கும் பொண்டாட்டி பிள்ளை இருக்குல்ல!"

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் என் தமக்கைக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை டில்லியில் குமாஸ்தா. வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். விடுப்புத் தாமதமானதால், வியாழன் காலை ஏழு மணிக்கு விமானம் ஏறிச் சென்னை வருவதாகத் தந்தி கொடுத்தார்.

"வானத்துல வாரவனை நம்பிப் பந்தல் போடவா? என் மச்சான் மகன் கட்டட்டும்" என்று கர்ஜித்தார் என் தந்தையார். அந்த மச்சான் மகனோ பத்து வருஷமாக அழைப்பை எதிர்பார்த்துத் தினந்தோறும் க்ஷவரம் செய்துகொண்டு காத்திருந்தவன். தமக்கை அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நூல்கண்டு அண்ணன் படத்துடன் வரவழைக்கப்பட்டார்.

"சென்னையில ராத்திரி ரயிலைப் பிடிப்பாரா மாட்டாரா? ஒத்தச் சொல்லுல சொல்லுப்பா" என்றார் தந்தையார்.

நூல் நீண்டது. ஆயிரத்து நூறு மைல். ஏழரை மணி நேரம். இடையில் நாகபுரியில் எண்ணெய் ஊற்ற ஒன்றரை மணி. மாலை நான்கு. ஏனைய ஐந்து மணி நேரத்தை நானே மனத்துள் கூட்டினேன், இரவு ஒன்பது! ரயிலோ ஏழு மணிக்கே போய்விடும்.

அப்போது அடுக்களையில் ஒரு விசும்பல். அண்ணன் படத்தைச் சட்டென்று மடித்தார்.

"நாலு மணிக்கு எறங்கிருவாரு. பந்தலைப் போடுங்கண்ணே."

தெருவில் அவரை மடக்கினேன். "சாப்பாடு, ராகு காலம் ஒண்ணையும் கூட்டலையேண்ணே?"

"கூட்டுனா நம்ம புள்ள அழுவுதேடா! ஒரு நாளைக்கு மாப்ள பட்டினியா வரட்டும்."

மறுநாள் வியாழன். பகல் ஒன்றரை மணிக்கு இராகு காலம் தொடங்கியது. அண்ணன் கடை மொட்டைமாடியில் வெயிலில் நின்று, வடதிசை வானை நோக்கி இரு கைகளையும் மேலே தள்ளிக்கொண்டிருந்தார். "எறக்கிராதடா! அப்படியே போ! போ!" மூன்று மணிவரை கைகள் ஓயவில்லை.

வெள்ளி விடியலில் ரயிலிலிருந்து மாப்பிள்ளை இறங்கினார். அண்ணன் அவரைக் கட்டிக்கொண்டு, "பசிக்குதா தம்பி?" என்றார்.

"இல்லைங்க. பறக்கையிலேயே சாப்பாடு கொடுத்தாங்க."

"பறக்கையிலயா!" அண்ணன் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

தமக்கை டில்லிக்குக் குடிபோனாள். பிரிவு தாளாத என் தாயார் அண்ணனைக் காணும்போதெல்லாம், "டில்லி எம்புட்டுத் தூரம்ப்பா?" என்பார். கேட்கும்தோறும் மைல் குறைந்தது. ஆயிரத்து நூறு எண்ணூறாயிற்று, எண்ணூறு ஐந்நூறாயிற்று. நூல்கண்டு அண்ணன் காலமான வருஷத்தில், டில்லி, எங்கள் ஊருக்கு வடக்கே முப்பது மைலில் உள்ள கொட்டாம்பட்டிக்குச் சற்று அப்பால் இருந்தது.