மகளுக்கு முன்னால் எனக்குக் கிடைத்த சீட்டு

சம்மதம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் அளவுக்கு வழிகள் வேறு எதற்கும் இல்லை என்பது என் கருத்து. அத்தனையையும் மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒரே காலையில் செலவழித்துவிட்டு வந்தவள் நான்.

எங்கள் ஊர் திருத்தணி. மலைக்கோயில் இருக்கும் ஊரில் வீடு இருந்தால் அது பாதி சத்திரம். கிருத்திகை வந்தால் நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் போன் செய்வார்கள். "உங்க வீட்லதான் தங்குறோம்" என்பார்கள். என் மாமியார், "ஆங், வாங்க வாங்க, இது உங்க வூடு" என்று உருகுவார். போனை வைத்ததும் என் கணவரைக் கூப்பிடுவார். அவர் பொதட்டூர்பேட்டையில் லுங்கி மொத்தக் கடையில் வேலை செய்கிறார். கடையிலிருந்தபடியே சொந்தக்காரருக்குப் போன் போட்டு, "பாப்பாவுக்கு ஜொரம் மாமா, தப்பா நெனச்சிக்காதீங்க" என்பார். முடிந்தது. எங்கள் குடும்பத்தில் 'ஆங்' சொல்வது பெண்கள் வேலை, 'இல்லை' சொல்வது ஆண்கள் வேலை. எதிரே இருப்பவருக்கும் இந்த ஏற்பாடு தெரியும் என்பதால் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. (இது உலகம் முழுவதும் உள்ள ஏற்பாடு என்று நினைத்திருந்தேன்.)

மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க ஊரிலேயே பெயர் பெற்ற ஆங்கிலப் பள்ளி ஒன்றில் விண்ணப்பித்தோம். அங்கே குழந்தையைவிடப் பெற்றோரைத்தான் அதிகம் கேள்வி கேட்பார்கள், அதுவும் ஆங்கிலத்தில், என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். என் மாமியார் மட்டும் பயப்படவில்லை. "எங்க மருமவ டிகிரி. அவ பேசிக்குவா" என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தார். நான் கணிதத்தில் பட்டம் வாங்கி அதை வைத்து ஒரு சீப்புகூட வாங்கியதில்லை. சீட்டு கிடைக்கவில்லை என்றால் மகளின் படிப்போடு என் படிப்பும் சந்தி சிரிக்கும்.

செல்போனில் ஆங்கிலம் கற்றுத்தரும் ஒருவரைப் பிடித்தேன். பெற்றோர் நேர்காணலில் ஒத்துழைப்பைக் காட்டுவதுதான் முக்கியம் என்றார் அவர். 'ஐ ஆம் ரெடி' என்றால் கிளம்பி நிற்கிறேன் என்று பொருள். 'ஐ ஆம் வில்லிங்' என்றால் மனசும் ஒத்துக்கொண்டுவிட்டது. 'ஐ வுட் பி ஹேப்பி டு' என்றால் மனசு துள்ளுகிறது. 'மோர் தேன் ஹேப்பி' என்றால், கேட்டதற்கே நன்றி. 'ஐ டோன்ட் மைண்ட்' என்று ஒன்று உண்டு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சம்மதிப்பது. (என் வாழ்க்கைக்கு ஏற்ற வாக்கியம் அதுதான். அதை நேர்காணலில் தவிர்க்கச் சொன்னார்.) மறுப்பது எப்படி என்பதை அவர் நடத்தவில்லை. நானும் தேடவில்லை. அந்த இலாகா என் கணவருடையது.

அந்தக் கணவரிடம், "உள்ள போனதும் வாயத் தொறக்காதீங்க. சிரிச்சிக்கினு உக்காருங்க, போதும்" என்று சொல்லியிருந்தேன். அவரும் அப்படியே சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தலைமையாசிரியை பெங்களூரிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாதவர். முதலில் மகளிடம் பெயர் கேட்டார். அவள் நாற்காலிக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டு, "சொல்ல மாட்டேன் போ" என்றாள். பொம்மையைக் காட்டினார். "வாணாம்." சாக்லேட்டைக் காட்டினார். சாக்லேட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, "நீ போ" என்றாள்.

அவமானத்தில் எனக்குக் காது அடைத்தது. இனி என் ஆங்கிலம்தான் காப்பாற்ற வேண்டும்.

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். "ஆர் யூ வில்லிங்…" என்று ஆரம்பித்தார். பள்ளி விழாக்களுக்கு உதவி செய்ய விருப்பமா?

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 'ரெடி' தமிழுக்குள் வந்து குடியேறி எத்தனையோ காலமாகிறது. சாப்பாடு ரெடியா, பாப்பா ரெடியா, கிளம்ப ரெடியா என்று எங்கள் வீட்டில் பொழுதுக்கும் கேட்கும். என் கல்யாணத்தன்றும், "பொண்ணு ரெடியா?" என்றுதான் கதவைத் தட்டினார்கள். ஆனால் 'வில்லிங்' இன்னும் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. யாருக்கும் அது தேவைப்படவில்லை. உனக்கு விருப்பமா என்று என்னை முதன்முதலில் கேட்டவர், முன்பின் தெரியாத ஒரு தலைமையாசிரியை.

"ஐ வுட் பி ஹேப்பி டு, மேடம்!" என்றேன்.

குட்டிப் பிள்ளைகளின் வகுப்பில் துணைக்கு இருக்க விருப்பமா? "சர்ட்டன்லி!" காலையில் ஆர்.கே.பேட்டை வேனில் பிள்ளைகளைக் கூட்டிவர ஆள் இல்லை, அதற்கு? "மோர் தேன் ஹேப்பி!" சனிக்கிழமைகளில்? "கவுண்ட் மீ இன்!" கணவர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியை நாற்காலிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். குழந்தை இன்னும் ரெடி ஆகவில்லை, அடுத்த ஆண்டு அழைத்து வாருங்கள். ஆனால் அம்மா இவ்வளவு ஆர்வமாக இருப்பதால், அவர் திங்கட்கிழமை முதல் வரலாம்.

சம்பளம் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதற்கான வாக்கியம் பாடத்தில் இல்லை.

பைக்கில் திரும்பும்போது கணவர் வெடித்தார்.

"இன்னாடி இது? சீட்டு கேக்கப் போயிட்டு எல்லாத்துக்கும் தலையாட்டிக்கினு வர்ற?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க. நீங்க போன் போட்டு வீட்ல ஒத்துக்கலன்னு சொல்லிடுங்க."

"நானா? அந்தம்மாகிட்ட இங்கிலீஷ்ல யார் பேசறது?"

அதுவரை இது என் மூளைக்கு எட்டவே இல்லை. எங்கள் வீட்டின் மறுப்பு இலாகாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூடத்தில் உட்காரவைத்து, "மை வைஃப் நாட் கமிங்" என்று பலமுறை சொல்லவைத்துப் போனைக் கையில் கொடுத்தோம். அந்தப் பக்கம் தலைமையாசிரியை வேகமாகப் பேசத் தொடங்கினார்.

"எஸ் மேடம்," என்றார் இவர். வியர்த்தது. "எஸ்… எஸ்… எஸ் மேடம். தேங்க்யூ மேடம்."

"இன்னா நைனா சொன்னாங்க?" என்றார் மாமியார்.

"வேன் சீக்கிரமே வந்துருமாம். கேட்டாண்ட நிக்கச் சொன்னாங்க."

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புள்ளைய பள்ளிக்கூடத்துல சேக்கப் போனா, இவ சேந்துகினு வந்துருக்கா. நல்லா படிச்ச படிப்பு."

போகாமல் இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதை இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். போகாவிட்டால் அடுத்த ஆண்டு மகளுக்கு அங்கே இடம் கிடைக்காதோ என்ற பயம். ஆகவே போனேன். வேனில் ஊரார் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தேன், அவர்கள் எடுத்த வாந்தியைக் கழுவினேன். என் மகள் நான் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்குச் சாப்பாடு ஊட்டியது மாமியார். முதன்முதலாக அவள் பூனைப் படம் வரைந்ததைப் பார்த்ததும் மாமியார்தான்.

ஒருநாள் வேனில் ஒரு வாண்டு, "உங்க பாப்பா எந்த கிளாஸ் மிஸ்?" என்று கேட்டது.

"வீட்ல இருக்கா."

"ஏன் மிஸ்?"

"அவ இன்னும் ரெடி ஆகலப்பா" என்று சொல்லிவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஆண்டு அவளுக்கு இடம் கிடைத்தது. கேள்வியே கேட்கவில்லை. இப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. கிருத்திகைக்கு வந்து, தங்காவிட்டாலும் எங்கள் வீட்டில் எட்டிப் பார்க்கிற உறவினர் யாராவது, "எந்த ஸ்கூல்மா படிக்கிற?" என்று கேட்டால் பள்ளியின் பெயரைச் சொல்லிவிட்டு, "எங்கம்மாவும் அங்கதான். எனக்கு ஒரு வருஷம் சீனியர்" என்கிறாள். மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் கூடம் நிறைய உட்கார்ந்திருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் கணவர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தெருமுனையில் வேன் ஹாரன் கேட்கும். மகள் கட்டிலுக்கு அடியில் இன்னும் சாக்ஸ் தேடிக்கொண்டிருப்பாள். நான் கேட்டில் நிற்பேன்.