பின்பக்கம் இல்லாத கோட்டு

‘நேர்முகத் தேர்வுக்கு வருபவர் முன்பக்கமும் பின்பக்கமும் கொண்ட முழுக் கோட்டும் டையும் அணிந்திருக்க வேண்டும்.’

எங்கள் இலாகாவின் அழைப்புக் கடிதத்தில் நான்காவது பத்தி இது. பல வருடம் அப்படியே அச்சாகிக்கொண்டிருந்தது. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள், “எந்த மடையன் சார் இத எழுதுனான்?” என்று என்னிடமே வந்து கேட்பார்கள். எழுதியவர் மடையர் அல்ல. எழுத வைத்தவன்தான் மடையன். அவன் இப்போது பணி ஓய்வு பெற்று, ஈப்போவில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறான். எனக்கு வந்த கடிதத்தில் அந்தப் பத்தி ‘கோட்டும் டையும் அணிந்திருக்க வேண்டும்’ என்பதோடு நின்றுவிட்டது. விதியைச் சுருக்கமாக எழுதினால் என்னைப் போன்றவர்கள் வந்து சேர்வார்கள்.

எழுபதுகளின் நடுவில், மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நாங்கள் இருந்தபோது நடந்த சங்கதி. அப்பாவுக்கு முட்டி தேய்ந்துபோய், இனிமேல் பால்மரம் வெட்ட முடியாது என்று தோட்டத்து டாக்டர் எழுதிவிட்டார். வேலை இல்லாதவருக்குத் தொழிலாளர் லயத்தில் வீடு இல்லை. ஜூலை கடைசித் தேதிக்குள் சாவியை ஒப்படைத்தாக வேண்டும். எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தால் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். கிடைக்காவிட்டால் கமுந்திங்கில் மாமா வீட்டுக் கோழிக் கொட்டகை. (மாமா நல்ல மனுஷர். கோழிகளை வேறு இடத்துக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தார்.)

தோட்டத்தில் இருந்த ஒரே கோட்டு, ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்தவருடையது. ஒரு மாப்பிள்ளைக்கு இரவல் கொடுத்து அது கறிக்குழம்பு வாசனையோடு திரும்பி வந்ததிலிருந்து, கோட்டு என்ற பேச்சை எடுத்தாலே அவர் எழுந்து போய்விடுவார். எனவே தேர்வுக்கு முதல் நாள், லாரி ஓட்டும் என் அத்தை மகன் ஆரோக்கியத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஈப்போவுக்குப் பழைய துணிக்கடை பார்க்கப் போனேன்.

ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரைமார்கள் விட்டுச்சென்ற உடுப்பெல்லாம் அங்கே ஒரு பின்தெருவில் வந்து தொங்கும். கடைக்குக் கடை அந்துருண்டை நெடி. எனக்கோ எந்தக் கடையிலும் நிற்க முடியவில்லை. இங்கே ஒரு கோட்டில் கையை நுழைக்கும்போதே, அடுத்த கடையில் இதைவிட நல்ல கோட்டை எவனோ வாங்கிக்கொண்டு போகிறான் என்று கால் பரபரக்கும். ஒற்றைக் கை மாட்டியபடியே தெருவுக்கு ஓடிவந்து, கடைக்காரர் என்னைக் கோட்டோடு உள்ளே இழுத்துப்போனதும் உண்டு.

முதல் கடையில் ஒரு துரையின் கோட்டு. அதற்குள் நானும் ஆரோக்கியமும் சேர்ந்து குடியிருக்கலாம். (கோழிக் கொட்டகையைவிட வசதி.) இரண்டாவது கடையில் பளபளவென்று சிவப்புக் கோட்டு, தோளில் தங்கக் குஞ்சம்.

“இது பேண்டுக்காரன் கோட்டு மச்சான்,” என்றான் ஆரோக்கியம். “இதப் போட்டுக்கிட்டுப் போனா வேல வராது. ஒன் பின்னால பொணந்தான் வரும்.”

மூன்றாவது கடையில் பூச்சி தின்று மிச்சம் வைத்த காலர். மறுபடியும் முதல் கடை. மறுபடியும் மூன்றாவது. “தம்பி, நீ வாங்க வந்தியா, நடக்க வந்தியா?” என்று கடை முதலாளியான ஒரு தவுக்கே கேட்டேவிட்டார்.

தெருக்கோடியில் ஒரு சீனக் கிழவியின் கடை. அவர் ஒரு கறுப்புக் கோட்டை எடுத்து என் மார்பில் வைத்துப் பிடித்தார். கண்ணாடியில் ஒரு மந்திரி நின்றுகொண்டிருந்தார்.

“டெப்பான் ச்சந்தேக்,” என்றார் கிழவி. முன்பக்கம் அழகு. கோட்டைத் திருப்பினார். “பெலாக்காங் தாடா லா.” பின்பக்கம் இல்லை.

நிஜமாகவே இல்லை. காலர் முதல் அடிவரை நடுமுதுகில் பிளந்து, நான்கு நாடாக்கள் தொங்கின. மூடப்பட்ட ஒரு போட்டோ ஸ்டூடியோவின் கோட்டு அது. வருகிற ஆள் குண்டோ ஒல்லியோ, முன்னால் மாட்டி முதுகில் நாடாவைக் கட்டிப் படம் பிடித்துவிடுவார்கள்.

“அட, எடுத்துக்கலா மச்சான்,” என்றான் ஆரோக்கியம். “இன்டர்வியூல மூஞ்சியத்தான பாப்பாங்க? ஒன் முதுக யாருலா பாக்கப் போறா?”

நான் கடிதத்தை எடுத்து நான்காவது பத்தியைப் படித்தேன். கோட்டு என்றுதான் இருந்தது. முதுகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாங்கிவிட்டேன்.

அம்மா பார்த்துவிட்டு, பழைய குடைத்துணியை வைத்துத் தைத்துத் தருகிறேன் என்றார். கேட்டேனா? “யாரும்மா பின்னால வந்து பாக்கப் போறாங்க?”

“மாதாவே! வேலைக்குப் போறவன் ஒரு தடவகூடவா திரும்ப மாட்டான்?”

மறுநாள் காத்திருக்கும் கூடத்தில் சுவரோடு ஒட்டி நின்றேன். எல்லோரும் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் கட்டடத்தைத் தாங்கிப் பிடிப்பவன் போல. பெயரைக் கூப்பிட்டதும் நேராக நடந்துபோய் நாற்காலியில் முதுகைப் பதித்தேன். எதிரே மூன்று அதிகாரிகள். கேள்விகள் சுலபம். கோழிகள் இடம் மாற வேண்டியதில்லை என்றே நினைத்தேன்.

அப்போதுதான் நடுவில் இருந்த வழுக்கைத்தலை அதிகாரி பக்கவாட்டுச் சுவரைக் காட்டினார். “அந்த மாநில வரைபடத்தில் பாரிட் புந்தார் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.”

எழுந்தேன். நண்டு நடப்பதுபோல் பக்கவாட்டில் நகர்ந்தேன். வரைபடத்துக்கு முதுகைக் கொடுத்து, அதிகாரிகளைப் பார்த்துச் சிரித்தபடி, கையைத் தலைக்குப் பின்னால் வளைத்து ஓர் இடத்தைத் தொட்டேன்.

“அது தாப்பா,” என்றார் கண்ணாடி போட்ட அம்மையார்.

விரலை மேலே ஏற்றினேன்.

“அது கடல்.”

“திரும்பிப் பார்த்தே காட்டலாமே?” என்றார் வழுக்கைத்தலை.

“வேண்டாம் சார், மனப்பாடம்.”

விரல் நீந்திக் கரையேறுவதற்குள் ஒரு நாடா வரைபடத்தின் ஆணியில் சிக்கிக்கொண்டது. விடுவித்துக்கொள்ள ஒரு இழுப்பு இழுத்தேன். பேராக் மாநிலம் முழுவதும் என் தலையில் விழுந்தது. தடுமாறிச் சுழன்று நான் நின்றபோது, என் முதுகு அவர்களுக்கு எதிரே இருந்தது. மேலே ஓடிய காற்றாடி, கோட்டின் இரண்டு பாதியையும் சிறகுபோல் விரித்துக் காட்டியது.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“மீதி எங்கே?” என்றார் வழுக்கைத்தலை.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் சொன்னேன்: “அழைப்புக் கடிதத்தின் நான்காவது பத்தியில் பின்பக்கம் பற்றிக் குறிப்பு எதுவும் இல்லை, சார்.”

அவர் கோப்பைத் திறந்து பத்தியைப் படித்தார். மற்ற இருவரிடமும் நகர்த்தினார். அவர்களும் படித்தார்கள். “இல்லைதான்,” என்றார் அம்மையார். வழுக்கைத்தலை பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்துவிட்ட பிறகும், நான் கும்பிட்டபடி பின்னோக்கியே நடந்து வெளியேறினேன். அடுத்து வரவேண்டியவர் காலை மிதித்த பிறகுதான் திரும்பினேன்.

அதன்பிறகு வீட்டில் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. தினமும் சைக்கிளை மிதித்துத் தோட்டத்து ஆபீசுக்குப் போய்த் தபால் வந்ததா என்று கேட்பேன். நினைவூட்டல் அனுப்பினேன், பணிவாக. இன்னொன்று, மிகவும் பணிவாக. (‘மிகவும்’ என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தேன்.) பதில் இல்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் புதுத்துணி எடுத்தாலும் பில் போடுவதற்கு முன் ஒரே கேள்விதான்: “முதுகு இருக்கா?” அந்தக் காலத்தில் வேறு வழியில்லாமல் நான் அலைந்த மாதிரிக் கடைகளுக்கு இப்போது என் பேத்தி ஆசைப்பட்டுப் போகிறாள். கோலாலம்பூரிலிருந்து பழைய ஜாக்கெட் ஒன்றின் படத்தை அனுப்பினால், நான் கேட்பதற்கு முன்பே பின்பக்கப் படமும் வந்துவிடும். “தாத்தா, முழுசா இருக்கு லா!”

அந்த வருட ஜூலை மாதமும் முடிவுக்கு வந்தது. ஆரோக்கியம் லாரியைக் கொண்டுவந்தான். கட்டில், அம்மி, மாதா படம் எல்லாவற்றையும் ஏற்றினோம். அந்தக் கோட்டால் சட்டிகளைச் சுற்றிக் கட்டியிருந்தார் அம்மா. அப்பா நொண்டி நொண்டிப் போய் ஆபீசில் சாவியைக் கொடுத்துவிட்டு, கையில் ஒரு நீளமான பழுப்பு உறையோடு வந்தார். பிரித்துப் படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டினேன். அவர் லாரிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆரோக்கியம் எஞ்சினை முடுக்கினான். “கமுந்திங்தான மச்சான்?”

“இல்லலா. வேல கெடச்சிருச்சு. குவார்ட்டர்ஸ் குடுத்திருக்காங்க. பாரிட் புந்தார்ல.”

“அது எங்க இருக்குன்னு இப்பவாச்சும் தெரியுமா?”

தெரியாது. வழி கேட்டுக் கேட்டுத்தான் போனோம். பதில் வந்த தேதி மட்டும் நன்றாக நினைவிருக்கிறது: ஜூலை முப்பத்தொன்று.