சம்பந்தியோடு ஒரு ஸ்க்ரம்

பழைய காலம்தான் நல்ல காலம் என்று யார் சொன்னாலும் உடனே ஆமோதிப்பது எங்கள் வயதுக்காரர்களின் வழக்கம். எந்த ஊர், எதைப் பற்றி என்றெல்லாம் கேட்பதில்லை. ஒஸ்லோவில் எந்தப் பிறந்தநாள் விருந்திலும் இதைப் பார்க்கலாம். அதே வழக்கத்தை ஒரு வெள்ளைக்காரரிடம் காட்டப்போய் மாட்டிக்கொண்டேன்.

மகள் ஷரோனுக்கு நிச்சயார்த்தம். மாப்பிள்ளை டொம் இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்துப் பையன். அவருடைய தகப்பன் கெவின் மட்டும் விமானமேறி, லோறென்ஸ்கூக்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பெரிய உடம்பு. ஒரு முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்தவர்.

"இஞ்சருங்கோ, மனிசன் தனிய நிக்கிறார். போய்க் கதையுங்கோ. மரியாதை தெரியாத குடும்பம் எண்டு நினைக்கப்போறார்," என்றாள் மனைவி. (புது ஆட்களோடு பேசுவதென்றால் எனக்கு வியர்க்கும். நோர்வேயில், குளிர்காலத்திலும்.)

நல்லவேளை, கெவினே பேசினார். இளவயதில் ரக்பி லீக் ஆடியவராம். அவருடைய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. மீதியை ஷரோன் சொன்னாள்.

"மைதானத்திலை முழங்கால் வரைக்கும் சேறாம் அப்பா. இரண்டு பக்கமும் குனிஞ்சு தோளோடை தோள் முட்டித் தள்ளுறதுக்குப் பேர் ஸ்க்ரம். இப்ப சும்மா சாஞ்சு நிக்கிறாங்களாம். அந்தக் காலத்திலை உண்மையாத் தள்ளினவையாம்."

"யெஸ், யெஸ். ஓல்ட் இஸ் பெட்டர்," என்றேன். (ரக்பிப் பந்தை நான் தொட்டதே இல்லை. எங்கள் பள்ளியில் உதைபந்தாட்டம்தான். அதிலும் நான் கைதட்டும் பக்கம்.)

கெவினின் முகம் மலர்ந்துவிட்டது. சொந்த மகனே காது கொடுக்காத கதையல்லவா! கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, செய்து காட்டுகிறேன் வா என்று கையை விரித்தார்.

"அப்பா, வேண்டாம் எண்டு சொல்லுங்கோ!"

"சம்பந்திக்கு எப்பிடிப் பிள்ளை வேண்டாம் எண்டு சொல்லுறது?"

சொந்தபந்தமெல்லாம் பார்த்திருக்க, வரவேற்பறை நடுவில் குனிந்தோம். மோதிரத்தை ஆசீர்வதிக்க வந்திருந்த கோவில் சுவாமியார் பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார். கெவின் தள்ளினார். நானும் மரியாதைக்குத் தள்ளினேன். என் இடுப்பில் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். நான் கட்டியிருந்தது, முடிச்சில்லாமல் வெல்க்ரோ பட்டியால் ஒட்டும் ஒட்டு வேட்டி.

அதைப் பிடிக்கக் கையை எடுக்கப் போன நேரம் பார்த்து கெவினின் முழங்கால் மடங்கியது. நான் விட்டால் அவர் நேரே கண்ணாடி மேசையில் முகம் குப்புற விழுவார். விடாவிட்டால் வேட்டி விழும். இரண்டு கையாலும் சம்பந்தியை இறுக்கிப் பிடித்தேன்.

வேட்டி போனது. குளிருக்கு உள்ளே போட்டிருந்த, கலைமான் படம் போட்ட கம்பளிக் காற்சட்டை சபைக்குக் காட்சி கொடுத்தது.

"ஐயோ, வேட்டியைப் பிடியுங்கோ!" என்று மனைவி கூவினாள்.

"விட்டா மனிசன் விழுந்திடுவாரப்பா!" என்றேன், குனிந்தபடியே.

டொம் ஓடிவந்து தகப்பனைத் தாங்கிய பிறகுதான் கையை எடுத்தேன். கெவின் மூச்சு வாங்கியபடி என் முதுகில் அடித்து ஏதோ சொன்னார்.

"இப்பிடி விடாமப் பிடிக்கிற ஆக்கள் இப்ப விளையாட்டிலை இல்லையாம்," என்றாள் ஷரோன், முகத்தைப் பொத்திக்கொண்டு.

அன்றிலிருந்து, இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்றலாம் என்ற நிலை வந்தால் எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். போன மாதம் பேரன் தவழ்ந்து மாடிப்படி விளிம்புக்குப் போய்விட்டான். அடுப்பில் பால் பொங்குகிறது.

"ஆளோ, வேட்டியோ?" என்று கத்தினாள் மனைவி.

"ஆள்!" என்று ஷரோன், டொம், நான் மூன்று பேரும் பேரனிடம் ஓடினோம். கேட்டவளும் ஓடி வந்துவிட்டாள். அடுப்பை அன்று பின்னேரம் முழுக்க நான்தான் தேய்த்தேன்.